நான்கு ஸ்பிரிங்குகள்

நான் ஸ்பிரிங்குகளைப் பொருத்தியபோது அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் நினைவில் அப்படித்தான் இருக்கிறது. அது சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்னறையில் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் எங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கிளட்ச் மூடியைக் கழற்றி வைத்திருந்தோம்.

என் கணவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதம் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது. கால் திரும்பிவிட்டது. இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. டம்ளரைப் பிடிக்கும். கிளட்ச்சைப் பாதிக்கு மேல் இழுக்காது.

அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டிருந்தார். எடக்கை, ஸ்பேனரை எடு. எடக்கை, வெளிச்சத்தை மறைக்காதே.

வண்டி எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது. அதைச் செய்த கம்பெனியை மூடியே பல வருஷமாகிவிட்டது. கிளட்ச் தேய்ந்து, எஞ்சின் எவ்வளவு இரைந்தாலும் சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். பிளேட்டுகளைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன். இரண்டு ஒரு ஸ்பேர்ஸ் கடையின் பரணில் கிடைத்தன. மற்றவை பழைய இரும்புக் கடையில்.

பிளேட் தேடத் தொடங்கும்போதே சொல்லிவிட்டார், எல்லாம் புதுசாகப் போட்டும் கிளட்ச்சைப் பிடிக்க முடியவில்லை என்றால் வண்டியை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று.

பதினொரு மாதமாக வாசலைத் தாண்டாத மனிதர். வண்டியோடு சேர்த்து வேறு எதைப் போடப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

பிளேட்டுகளோடு பரணில் கிடைத்த புது ஸ்பிரிங்குகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். கிளட்ச்சை இழுக்கும் கை இவற்றைத்தான் அமுக்க வேண்டும். என்னாலேயே முடியவில்லை.

முந்தின நாள், இளகின ஸ்பிரிங் கேட்டு மறுபடி இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் கிளறி, சின்ன வண்டி ஒன்றின் ஸ்பிரிங்குகள் நான்கை எடுத்துக் கொடுத்தார்.

“இது ஒண்டிக்கட்டைக்கு உண்டான ஸ்பிரிங், அக்கா. அவரு மட்டும் போனா தாங்கும். நீங்க பின்னாடி ஏறுனீங்க, மேட்டுல எஞ்சின்தான் கத்தும், வண்டி நகராது.”

இருபத்தாறு வருஷமாக அந்தப் பின்சீட் என்னுடையது.

பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன்.

வரும் வழியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். ‘ஏறு’ என்று அவர் சொன்னால் முட்டி வலி. அவர் கையை நான் நம்பவில்லை என்று நினைப்பார். நினைக்கட்டும். கை தேறவில்லை, ஸ்பிரிங்தான் இளைத்தது என்று தெரிவதைவிட அது மேல்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிளேட்டையும் வெர்னியர் அளவுகோலால் அளந்துதான் உள்ளே விட்டார். ஒன்றை வளைந்திருக்கிறது என்று திருப்பித் தந்தார். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். தலைமுடி அளவுக்கு வளைவு இருந்தது.

அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தேன்.

கம்பி மெல்லியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வெர்னியர் தேவையில்லை. தொட்டாலே போதும்.

அவர் தொடவில்லை. அளக்கவும் கேட்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்கையும் வைத்துத் திருகினேன். ஒரு திருகு கை நழுவி விழுந்து உருண்டது. அதற்கும் அவர் திரும்பவில்லை.

“போட்டாச்சா, எடக்கை?”

“போட்டாச்சுங்க.”

மூடியை மாட்டி எண்ணெய் ஊற்றியதும் லீவரில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். இழுத்தார். கைப்பிடியைத் தொடும் வரை வந்தது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தார்.



கை கழுவப் பின்பக்கம் போனேன். முகத்தையும் கழுவ வேண்டியிருந்தது. கொஞ்சம் நேரமாகிவிட்டது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டபிறகுதான் வாசலுக்கு ஓடினேன்.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து என் முன்னால் நிறுத்தினார். முட்டி வலி நாக்கு நுனியில் இருந்தது.

அவர் ஏறு என்று சொல்லவில்லை. வர நேரமாகும், கதவைச் சாத்திக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டி திரும்பும்போது பார்த்தேன். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வெறும் துளைதான் இருந்தது.

உள்ளே, போர்வையின் ஓரத்தில், நான் கால் வைக்கும் இரண்டு கட்டைகளும் துடைத்து, ஒன்றை ஒட்டி ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வண்டியைத் தனியாக ஓட்டினார். ஸ்பிரிங்குகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்காவது சேர்ந்து போக வேண்டியிருந்தால் நான் பஸ்ஸில் போவேன். அவர் முன்னாலேயே போய் நிறுத்தத்தில் காத்து நிற்பார். அவர் இறந்து நான்கு வருஷமாகிறது. இரும்புக் கடைக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். வண்டி எங்கள் மகளிடம் இருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங்குகளைப் போட்டு ஓட்டுகிறாள்.

அப்போது இருந்த வாடகை வீட்டை நாங்கள் எப்போதோ காலி செய்துவிட்டோம். போன மாதம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. இப்போது குடியிருப்பவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். முன்னறையில் அன்று அவர் முகம் திருப்பிய பக்கம் வெறும் சுவர். ஜன்னலை எப்போது அடைத்தீர்கள் என்று கேட்டேன்.

வீடு கட்டிய நாளிலிருந்தே அங்கே ஜன்னல் இல்லையாம்.