மெல்லிய கத்தி

சோலையப்பனின் வெட்டுப்பலகையில் மூன்று கத்திகள் கிடக்கின்றன. ஷார்ஜா மீன்கடையின் டியூப்லைட் வெளிச்சம் அவற்றின் ஈரத்தில் வழிகிறது. "முள்ளே இருக்கக் கூடாதுண்ணே, பிள்ளைக்குக் குடுக்கணும்" என்கிறாள் பக்கத்து ரோலா பகுதியிலிருந்து வந்திருக்கும் தமிழ்ப்பெண். அவன் தடித்த கத்தியை ஒதுக்குகிறான். அது துண்டு போட. குட்டைக் கத்தி குடல் எடுக்க. மெல்லியதை எடுத்து, நுனியைப் பலகையில் ஊன்றி வளைத்துப் பார்க்கிறான். இதுதான் சரி. நடுமுள்ளை உரசினால் இந்தக் கத்தி விரலுக்குச் சொல்லிவிடும். விரலுக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை. ஏழு வருட ஐஸ் அதைக் கட்டையாக்கிவிட்டது. பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்துகிறார்: "ஜல்தி பாய்! இந்த ஹமூர் மீனும் கந்தலாச்சுன்னா வேலை கலாஸ்." கத்தி முள்ளை ஒட்டிப் போகிறதா, சதையில் போகிறதா, தெரியவில்லை. முள்ளில் உரசும் சத்தமாவது கேட்குமா என்று காதைச் சாய்க்கிறான். ஐஸ் நொறுக்கும் மெஷின் இரைகிறது. இடது கையால் மீனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்கிறான். வெள்ளைச் சதையில் சிவப்பு பரவுகிறது. "ஐயோ அண்ணே, ரத்தம்!" "மீன் ரத்தம்தாம்மா" என்கிறான், கத்தியை நிறுத்தாமல். இரண்டு நாளாக ஐஸில் கிடந்த அந்த மீனில் ரத்தமே கிடையாது.