தலையணை வீட்டுச் சம்பந்தம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அடுத்தவங்க கம்பெனிக் கதை, சத்தமாச் சொன்னா நல்லா இருக்காது.

ஒரு தலையணைக் கம்பெனி. நாற்பது பேருக்கு அதுதான் பிழைப்பு. அதை ஒரு பெரிய மெத்தைக் கம்பெனி வாங்கப்போகிறது. முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"யாரும் இதை விற்பனைன்னு சொல்லக் கூடாது. இது சம்பந்தம்! மெத்தையும் தலையணையும் சேர்ந்தாத்தானே தூக்கம்? ஒருத்தர் வேலையும் போகாது. நான் இருக்கேன்."

தலையணைக்கு வாய் தைக்கிற அக்கா கையைத் தூக்கினாள். வாய் தைக்கிறவளுக்குத்தான் அங்கே வாய் அதிகம்.

"சம்பந்தம்னா, நாம பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"பொண்ணு வீடுதான்மா."

"அப்போ பொண்ணை வண்டியேத்திட்டு, நாங்க வாசல்லயே நின்னு கண்ணைத் துடைச்சுக்கணும். அப்படித்தானே?"

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்போடு கூட்டம் முடிந்தது.

மறுநாள் டைப்பிஸ்டம்மா கையில் ஒரு தாளோடு கிளம்பினாள். முதலாளி அறைக்கு வெளியே உட்கார்ந்து, அந்த ஒப்பந்தம் முழுவதையும் டைப் அடித்தவள் அவள்தான்.

"அண்ணே, இனிமே நீங்க பஞ்சு அடைக்கிறவர் இல்ல. உள்ளடக்க மேலாளர். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பஞ்சண்ணன் மூக்கில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார். "வேலை இருக்குமா போகுமான்னு ரெண்டு நாளா சோறு இறங்கல. உனக்கு விளையாட்டாப் போச்சா?"

"போடுங்கண்ணே, சொல்றேன்ல."

வாட்ச்மேனுக்கு 'வாசல் நல்லுறவு அலுவலர்.' அவர் ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "இதை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள திருடன் வந்துட்டுப் போயிருவானேம்மா!"

வாய் தைக்கிற அக்காவுக்கு 'இறுதி முடிவு அதிகாரி.'

"நானா? எங்க வீட்டு டிவியில எந்தச் சேனல்னுகூட நான் முடிவு பண்றதில்லடி."

"கடைசியா முடிச்சுப் போடுறது நீங்கதானே அக்கா? முடிச்சுன்னா என்ன, முடிவுன்னா என்ன?"

"உனக்கு என்ன பேரு வெச்சுக்கிட்டே?"

"பேர் வைக்கிற அதிகாரி."

அக்கா தாளைக் கிழிக்காத குறையாகக் கையெழுத்துப் போட்டாள். "புது எஜமான் இன்னும் வாசப்படி மிதிக்கல, அதுக்குள்ள ஜால்ரா!"

அன்றிலிருந்து டைப்பிஸ்டம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்துபோய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தனியாகச் சாப்பிட்டு முடித்தாள். தாளை முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"ஆள் பட்டியல் அங்க போகப்போகுதே சார். பேராவது கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும்னுதான்."

முதலாளிக்குப் பிடித்துவிட்டது. பேர் பெரிசானால் கம்பெனியும் பெரிசாகத் தெரியுமே!

"உங்களுக்கும் ஒண்ணு மாத்தட்டுமா, சார்?"

"எனக்கா? நிர்வாக இயக்குநர். இதைவிடப் பெரிய பேரு எங்கம்மா இருக்கு?" என்று கையெழுத்தைப் போட்டார்.

பத்து நாளில் ஒப்பந்தம் முடிந்தது. சம்பந்தி வீட்டிலிருந்து டை கட்டின ஓர் அதிகாரி கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பதினேழாம் பக்கம். ரெண்டு கம்பெனியிலயும் ஒரே பதவி இருந்தா, ஒண்ணு போதும். எங்க ஆள் இருப்பார். உங்க ஆள் இன்னிக்கே கிளம்பலாம்."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி கூரையைப் பார்த்தார். விலை எழுதின பக்கத்தைத் தவிர வேறு எதையும் அவர் படிக்கவில்லை. எத்தனை பேர் போவார்கள் என்று யாரிடமும் கேட்கவும் இல்லை, கேட்டால் தெரிந்துவிடுமே!

"விதின்னா விதிதான்," என்றார் கனிவாக. "என் கையில என்ன இருக்கு? மனசைத் தேத்திக்குங்க."

டை அதிகாரி பட்டியலைத் தட்டினார்.

"உள்ளடக்க மேலாளர்... எங்ககிட்ட இல்ல. இருக்கட்டும். வாசல் நல்லுறவு அலுவலர்... இல்ல. இறுதி முடிவு அதிகாரி... அடேயப்பா, நிச்சயமா இல்ல."

மெத்தைக் கம்பெனியில் பஞ்சு அடைக்க மட்டும் இருபது பேர். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பஞ்சையா தெரியும்? அதற்குத் தெரிந்தது பேர்தான். ஒவ்வொருவராக, நாற்பது பேரும் கரையேறினார்கள்.

வாய் தைக்கிற அக்கா மெதுவாக நகர்ந்து வந்து, டைப்பிஸ்டம்மாவை ஒட்டி நின்றுகொண்டாள்.

"ஒரே ஒரு பதவிதான் ரெண்டு பக்கமும் இருக்கு," என்றார் டை அதிகாரி. "நிர்வாக இயக்குநர்."

முதலாளிக்கு வேர்த்தது. "அது... எனக்கு மாடியில ஒரு ரூம் தர்றதா உங்க பெரியவர் வாயால சொன்னாரே?"

"வாயாலதானே சார்? இது பதினேழாம் பக்கம்."

முதலாளி டைப்பிஸ்டம்மாவின் மேசைக்கு ஓடி வந்தார். குரல் இறங்கிவிட்டது. "தாயே, எனக்கும் அங்க இல்லாத பேரா ஒண்ணு போட்டுக் குடும்மா. இப்பவே!"

"பழைய பேரை எடுத்துடட்டுமா, சார்?"

"ஐயோ, எடுக்காதே! அது இருக்கட்டும். முன்னாடி ஏதாவது ஒரு வார்த்தை சேர்த்துப் போடு, போதும்."

அவள் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தாள். தாளை உருவினாள்.

"இந்தப் பேர்ல அங்க ஒருத்தர்கூட இல்ல, சார்," என்று பணிவாக நீட்டினாள்.

'முன்னாள் நிர்வாக இயக்குநர்.'