நான்கு மாடி முகம்

கடலைப் பார்த்த குடியிருப்புச் சுவரில் நான்கு மாடி உயரத்துக்கு மீனவன் பாளையத்தின் முகத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். நகரத்தை அழகாக்குகிறார்களாம். போட்டோவுக்குச் சிரித்துக் காட்டிவிட்டு அவன் மீன்பிடிக்கப் போனான். நேற்றே திரும்பியிருக்க வேண்டும். காலையில் அவன் மனைவி தேசம்மாள் வந்து பார்த்தபோது, அந்தப் பெரிய தாடைக்குக் கீழே தரையில் ஒரு சாமந்தி மாலை கிடந்தது.

“எவடி வச்சது இத?”

“சுத்திப் பாக்க வந்தவங்கக்கா,” என்றாள் பூக்காரி. “இம்மாம் பெருசா மூஞ்சி வரைஞ்சிருந்தா செத்தவருன்னுதான நெனப்பாங்க? எங்கிட்டதான் வாங்கினாங்க.”

தேசம்மாள் மாலையைக் காலால் தள்ளக் கூசி, கையாலேயே எடுத்துக் குப்பையில் போட்டாள். சாரத்தில் நின்ற ஓவியனை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

“அழிச்சிடு தம்பி! உசுரோட இருக்கிற மனுசன்பா!”

“கண்ணு மட்டுந்தான் பாக்கிக்கா. அண்ணன் வந்து பாத்தா அசந்துபூடுவாரு.”

அப்போது பாளையத்தின் படகோடு சேர்ந்து போன இன்னொரு படகு கரையேறியது. அவள் மணலில் விழுந்தடித்து ஓடினாள். இறங்கியவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் தலைக்கு மேலாகச் சுவரையே பார்த்தபடி நின்றார்கள். பாளையம் எங்கே என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர்களில் மூத்தவன் மெல்லத் தலைத்துண்டை அவிழ்த்தான்.