செகண்டு கத்துது

டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து மெக்கானிக் ரசாக் பாய் எடுத்து நீட்டியது, வாடிப்போன ஒரு துண்டு கனகாம்பரச் சரம். சுப்பண்ணன் அதையும் பார்த்தார், பத்தடி தள்ளித் தலைகுனிந்து நின்ற டிரைவர் பிரவின்குமாரையும் பார்த்தார்.

"பாய், நான் கியர் சத்தத்துக்கு வண்டியக் கொண்டாந்தேன். நீங்க பூவ எடுத்துக் காட்டறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்ணா" என்றார் ரசாக், குரலைத் தணித்து.

கார் வாங்கி எட்டே மாதம். செகண்ட் கியர் போடும்போதெல்லாம் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடித்தது. சுப்பண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருடமாகப் பம்புசெட் மோட்டார் பட்டறை நடத்துகிற காது அது; அந்தச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

சரவணம்பட்டியில் இருந்த தன் பட்டறையில் ரசாக் காலையிலிருந்து கியர் ஆயில் பார்த்தார், கிளட்ச் பார்த்தார், கீழே கிடக்கிற மிதியடி பெடலைத் தடுக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டார்.

"அதெல்லாம் சுத்தமா இருக்குதுங்ணா. உள்ள கியரச் சத்தமில்லாமச் சேத்து வெக்கற சிங்க்ரோ ரிங்குதான் தேஞ்சிருக்குது. கிளட்ச்ச முழுசா மிதிக்காமக் கியர இழுத்தா அப்படித்தான் ஆகும். பிரவினு ஓட்டறது எனக்குத் தெரியும், அவன் இந்த வேலை பண்ண மாட்டான். யாரோ புதுசாப் பழகறாங்க. வண்டி சும்மா நிக்கற நேரம் ஏதாச்சும் உண்டுங்களா?"

உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சு வலி வந்ததிலிருந்து, மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார் சுப்பண்ணன்.

"ஏன்டா, நான் தூங்கற நேரம் பாத்து எவளுக்குடா என் வண்டியில ஓட்டப் பழக்கறே?"

அந்த நேரம் பார்த்து சுப்பண்ணனின் செல் அடித்தது. மனைவி காளியாத்தாள்.

"ஏனுங்க, வண்டி சரியாயிருச்சுங்களா? வாரப்ப முட்டிக்குத் தடவற தைலம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. எடது கால மடக்கவே முடியலீங்க."

"மாடிப்படி ஏறாதேன்னாக் கேக்கறியா நீ? போன வை!"

பிரவின்குமார் சட்டென்று நிமிர்ந்து, மறுபடியும் குனிந்துகொண்டான்.

"ரிங்கு நாளைக்குத்தான் வருமுங்ணா. அது வரைக்கும் செகண்டு கத்தத்தான் செய்யும். பதனமா எடுத்துட்டுப் போங்க" என்றார் ரசாக்.

கோவில்பாளையம் தாண்டித் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேரும் வரை காருக்குள் செகண்ட் கியர் மட்டும்தான் பேசியது. போர்ட்டிகோவில் வண்டி நின்றதும் சுப்பண்ணன் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. அவ பேரச் சொன்னா வேலை இருக்கும். இல்லாட்டி இன்னையோட சரி."

"சத்தியமாத் தப்பு ஒண்ணும் பண்ணலீங்கய்யா. ஆனாச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துப்போட்டனுங்க."

"ஒம்பது வருசம் இந்த ஊட்ல தின்ன சோத்தவிட எவளுக்கோ குடுத்த வாக்கு பெருசாப் போச்சா? போடா வெளிய!"

வாசலுக்கு வந்த காளியாத்தாள் பதறிப்போனாள். "ஏனுங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ உள்ள போ! பின் சீட்டுல உக்காந்துட்டே, எதுக்க லாரி வந்தாக் கண்ண மூடிக்கறவ நீ. வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

பிரவின்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டைத் தாண்டினான். பாதை முனையில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறியும் போய்விட்டான்.

கோபமே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூடத்துக்கு வந்து சாவியை டீப்பாயில் எறிந்த சுப்பண்ணனுக்கு இடது தோளில் சுருக்கென்றது. அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது. அதே வலி. நாற்காலியில் சாய்ந்தவருக்குச் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது.

போன தடவை பிரவின்குமார் லீவு. ஓட்ட ஆளில்லாமல் கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. தோட்டத்துப் பாதை பிடிபடாமல் ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம். அன்றைக்குப் பிழைத்ததே பெரிய விஷயம். இன்றைக்கோ இருந்த டிரைவரையும் தன் வாயாலேயே துரத்தியாயிற்று. மகன் நிதீஷ் பெங்களூரில் இருக்கிறான். சுப்பண்ணனுக்குச் சாகப் பயமாக இருந்தது.

"காளியாத்தா... பிரவினக் கூப்புடு..."

குரல் எழும்பவில்லை. காளியாத்தாளைக் காணோம். டீப்பாயில் சாவியையும் காணோம்.

வெளியே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வந்துவிட்டான், பிரவின்குமார் திரும்பி வந்துவிட்டான்! அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்குக் கண் நிறைந்தது.

காளியாத்தாள் ஓடிவந்து அவர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். நொண்டிக்கொண்டே கைத்தாங்கலாக அழைத்துப்போய் முன் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் டிரைவர் சீட்டு காலியாகக் கிடந்தது.

"பிரவினு எங்க?" என்றார் மூச்சு வாங்க.

அவள் காரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். செருப்பை உதறிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் கொண்டையில் கனகாம்பரம்.

இடது காலால் கிளட்ச்சை அடிவரை மிதித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"பயமா இருந்தாக் கண்ண மூடிக்குங்க. செகண்டு மட்டும் கொஞ்சம் கத்துமுங்க."