ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாள்

"போனைக் கொஞ்சம் கீழ காட்டுங்க, தரையைப் பாக்கணும்," என்றாள் கெல்சி வீடியோ காலில்.

காட்டினேன். தரைவிரிப்பு நேற்றுத்தான் ஒட்டியது. சுவர்த்தாளும் புதிது. பசை வாடை இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஜனவரிக் குளிரோடு கடற்பாசி காயும் வாடையும் சேர்ந்து வரும் என்பதால் மூடியே வைத்திருந்தோம்.

பியோ சார், எங்கள் துணைத் தலைமையாசிரியர், போனில் முகம் விழாத மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

கெல்சிக்கு இருபத்து மூன்று வயது. கனடாவில் ஏதோ ஒரு கோதுமை ஊர். கல்வி அலுவலகம் அவளைத் தேர்ந்தெடுத்து எங்கள் பள்ளிக்கு ஒதுக்கிவிட்டது. மார்ச்சில் அவள் வந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் பள்ளி தரும் வீட்டைப் பார்க்க வேண்டுமாம்.

இன்றைக்குள் போடாவிட்டால் அந்த இடம் வேறு பள்ளிக்குப் போய்விடும். அதோடு என் வேலையும் போகும். நானும் வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறவள்தான். வெளிநாட்டு ஆசிரியரோடு வகுப்பில் நிற்பதற்கும் அவரைப் பார்த்துக்கொள்வதற்கும்தான் என்னை வைத்திருக்கிறார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைப்பது, எல்லாம் நான்தான்.

"எல்லாமே புதுசா இருக்கே. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன அழுக்கு மெத்தையிலதான் படுக்கணும்னு இன்டர்நெட்ல போட்டிருந்தாங்க."

போட்டிருந்தது சரிதான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முன்னவரின் பாதி ஷாம்பு, கைப்பிடி ஆடும் வாணலி எல்லாம் வந்து சேரும். அறையைச் சூடாக்கும் கொதிகலன் பழுதானாலே கையெழுத்துக்காக மூன்று வாரம் அலையவிடுகிற பள்ளி இது. இந்தத் தடவை மெத்தையிலிருந்து அரிசிக் குக்கர் வரை இரண்டே நாளில் ஒப்புதல் வாங்கிவிட்டார் பியோ சார். ஃப்ரிட்ஜ் மட்டும் நன்றாக இருந்தது, உள்பக்கம் துடைத்து விட்டுவிட்டோம்.

"முன்னாடி இருந்த அந்த டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

பியோ சார் மூலையிலிருந்து வேகமாகக் கையை ஆட்டினார்.

"டங்கன் நவம்பர்லயே ஊருக்குப் போயிட்டாரும்மா. நான்தான் ஏர்போர்ட் வரைக்கும் போய் அனுப்பி வச்சேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"போன் நம்பர்?"

"அது இப்போ வேலை செய்யல."

கெல்சியின் முகம் வாடியது. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா ஏதோ முணுமுணுத்தாள். யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தது. போனை மறு கைக்கு மாற்றினேன். போன் சற்றே திரும்பிவிட்டது.

"அது என்ன, ஃப்ரிட்ஜ் மேல?"

பார்த்தேன். வீட்டையே உரித்து மாற்றிய எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. என் கையெழுத்தில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் ஒரு தாள்.

கெல்சி அதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். "உடம்புக்கு முடியலைன்னாலும் சரி, வேற எதுன்னாலும் சரி, வேற எங்கயும் கூப்பிட வேண்டாம். முதல்ல எனக்குக் கூப்பிடுங்க. குவோன் ஹே-சுக்." கீழே என் எண்.

போன வசந்தத்தில் குளியலறைக் குழாய் உடைந்தபோது டங்கன் பதறிப்போய் 119 அவசர எண்ணுக்கு அடித்துவிட்டார். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், இரண்டும் வந்தன. பாதி ஊர் வாசலில் கூடியது. பியோ சார் அவரை ஒன்றும் சொல்லவில்லை, என்னை வறுத்தெடுத்தார். அன்று சாயங்காலமே எழுதி ஒட்டினேன்.

அப்புறம் நான் சொன்ன பேச்சை டங்கன் மீறவே இல்லை. பாவம், அப்படி ஒரு மனிதர்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு தடவை கூப்பிட்டார். நான் மாமியார் வீட்டில், குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய்க்காக நூறு கோசுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கிழமையுமா உயிரை வாங்குவான் இந்த மனுசன்," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, ஈரக்கையாலேயே போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் அழைப்புக்கும் ஏழாவது அழைப்புக்கும் நடுவில் மூன்று மணி நேரம். மாரடைப்பு. சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். டங்கனின் போனிலிருந்து அன்று போன அழைப்புகள் அந்த ஏழு மட்டும்தான்.

திங்களன்று அவர் வகுப்புக்கு வரவில்லை. பூட்டுக்காரரைக் கூட்டிவந்து இந்தக் கதவைத் திறந்தவளும் நான்தான். டங்கன் இந்த ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா," என்று கெல்சியின் அம்மா சொல்வது கேட்டது. "இப்படி ஒருத்தங்க பக்கத்துல இருந்தா எனக்கு வேற என்ன வேணும்?"

கெல்சி சிரித்தாள். "கையெழுத்துப் போட்டு இப்பவே அனுப்பிடறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழமைகூடக் கூப்பிடலாமா?"

பியோ சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"கூப்பிடும்மா," என்றேன்.

போனை வைத்ததும் போய் அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் பெயர்க்க ஆரம்பித்தேன். பாதி வந்துவிட்டது.

"இருக்கட்டும், குவோன் டீச்சர்," என்றார் பியோ சார். அருகில் வந்து கட்டைவிரலால் அதை மறுபடி அழுத்தி ஒட்டினார். "இன்னிக்கு நமக்கு வேலை செஞ்சது அது ஒண்ணுதானே."