நாற்பது கிலோமீட்டர்

“ஒரு பழுதும் இல்ல, பாருங்க. சைபர்!”

பழைய லாரி விற்கும் யார்டுக்காரர் லேப்டாப்பை மாமனார், மருமகன் இருவர் பக்கமும் திருப்பினார்.

மருமகன் வாயெல்லாம் பல். நேற்றுத்தான் வேலையை விட்டிருந்தான். திங்கட்கிழமை முதல் சொந்த வண்டியில் லோடு ஏற்றுவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. வாங்குகிற வண்டி சொதப்பினால் குடும்பத்தோடு நடுத்தெருதான். துணைக்கு மாமனாரைக் கூட்டி வந்தது தப்போ என்று இப்போது தோன்றியது. முப்பது வருஷமாக ஒரே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவர். பெற்ற பிள்ளையைக்கூட நம்பாதவர்.

“இந்தப் பொட்டிக்கு எப்படித் தெரியுமாம்?” என்றார் மாமனார்.

“இன்ஜின், பிரேக், கியர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூளை இருக்கு பெரியவரே. ரெண்டே ஒயர்ல ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும். யாருக்கு நோவு வந்தாலும் குறிச்சு வச்சிடும். நாம கேட்டா சொல்லும்.”

“எங்க வீட்ல நாலு பேர் முகம் கொடுத்துப் பேசி நாலு மாசமாச்சு. இங்க இரும்பு பேசுதாக்கும்! பத்து வருஷம் ஓடின வண்டிக்கு ஒரு நோவுகூட இல்லியா? எனக்குக் காலையில எழுந்தா ஏழு நோவு.”

“மாமா...” மருமகன் பல்லைக் கடித்தான்.

மாமனார் லாரியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அதை முன்னே பின்னே நகர்த்தக்கூட இல்லை; அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

“நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கணும். மேட்டுல.”

“நாப்பதா! கேட் வரைக்கும் ஓட்டுங்க. நாங்களும் அப்படிப் பாத்துத்தான் வாங்கினோம்.”

“கேட் வரைக்கும்னா நான்கூட தலையில லோடு ஏத்திக்கிட்டு ஓடுவேன்.”

யார்டுக்காரர் முகம் சிவந்தது. “ஏமாத்தறேங்கிறீங்களா?”

“நான் எங்க சொன்னேன்? உங்க மூஞ்சி சொல்லுது.”

“பேப்பரை எடுத்துட்டு வரேன். பிடிச்சா வாங்குங்க, இல்லேன்னா இடத்தக் காலி பண்ணுங்க.” விறுவிறுவென்று ஆபீசுக்குள் போனார்.

மருமகன் பொரிந்து தள்ளினான். “மானத்த வாங்கறீங்களே மாமா! போன்ல ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியாது உங்களுக்கு. கம்ப்யூட்டரே பழுதில்லன்னு சொல்லுது, நீங்க என்னடான்னா அந்த மனுஷன் பொய் சொல்றார்ங்கறீங்க! அதென்ன கணக்கு, நாப்பது?”

மாமனார் இறங்கினார். ஆபீஸ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவர் பொய் சொல்லல மாப்ள. பாவம், பச்சப் புள்ள மாதிரி அந்தப் பொட்டியை நம்பிக்கிட்டிருக்கார். நாப்பது கிலோமீட்டர் மேட்டுல இழுத்தா, பொட்டியில அழிச்ச பழுது அத்தனையும் திரும்ப வந்து உக்காரும். சிவப்பு பெயின்ட்ல இருந்தப்ப இதை எங்க கம்பெனியில ஓட்டினதும் நான்தான். புரோக்கர் வச்சு இவர் தலையில கட்டறதுக்கு முந்தின நாள், பட்டனை அமுக்கி அது குறிச்சு வச்ச பழுது எல்லாத்தையும் அழிச்சதும் நான்தான்.”