வியர்த்த போல்ட்

விமானத்தின் இறக்கையை மின்னல் தாக்கினால் அந்த மின்சாரத்தைக் கடத்திவிடுவதற்கென்றே செய்த போல்ட்டுகள் அவை. கைப்பிசுக்கு பட்டால் கெட்டது கதை. மாட்டுகிறவன் கணவன், மீட்டர் வைத்துச் சோதிக்கிறவள் மனைவி.

அன்று ஒரு போல்ட் மட்டும் பிசுபிசுத்தது. துடைத்தாள், மறுபடியும் கசிந்தது. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. துவைக்காத பனியன் நாற்றம் வேறு.

“முதுகைச் சொறிஞ்ச கையோடயே மாட்டினீங்களா? கருமம்!”

“கையுறையைக் கழட்டவே இல்லடி, சத்தியமா.”

பிடுங்கச் சொன்னாள். லேசில் வரவில்லை. வந்தபோது, பிடுங்கிய பல்லில் ஒட்டியிருப்பதுபோல் அதன் தண்டில் வெளுத்த சதையும் இரண்டு மயிரும் இருந்தன. இடுக்கியால் எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட்டாள். புது போல்ட்டுக்கு மீட்டர் சரியாகவே காட்டியது.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ தட்டை வழித்துத் தின்றுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“மத்தியானத்திலேர்ந்து ஒரே நமைச்சல். கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”

பனியனுக்குள் கையை விட்டாள். தோள்பட்டைக்குக் கீழே விரலில் ஏதோ இடறியது. வட்டமாக, வழவழவென்று, உலோகம்போல் சில்லென்று இருந்தது. சுற்றிலும் தோல் அதை இறுகப் பிடித்திருந்தது.

“ஆங், அங்கதான்,” என்று சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். “நல்லா அழுத்திச் சொறி.”